மிசிசிப்பியும் குலவையும்

ஒத்தக்கடைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் விளம்பரப் பலகை கண்ணில் படுகிறது. 'காலையில் பொக்கை வாய், மாலையில் நிரந்தரப் பல்' என்று எழுதி, வெள்ளைக்காரர் ஒருவர் முப்பத்திரண்டையும் காட்டிச் சிரிக்கிறார். மதுரையில் பொக்கை வாய்க்கா பஞ்சம், வெளிநாட்டில் ஆள் பிடிக்க? அது கிடக்கட்டும். அந்த ஆஸ்பத்திரியின் டெக்னீஷியன்கள் இரண்டு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, எண்பதுகள்லயே நீங்க மதுரைல இம்ப்ளான்ட் பண்ணீங்களாமே, நெசமா?" என்று கேட்டார்கள். நிஜம்தான். ஒன்றே ஒன்று. எழுதிக் கொடுங்கள், நம் பல் டெக்னீஷியன் சங்க மலரில் போடுகிறோம் என்றார்கள். இதோ எழுதுகிறேன். பிடிக்காத வரியை வெட்டினால் அடுத்த மலருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பல் செட் மெக்கானிக். சென்னையில் இரண்டு வருடம் படித்தேன். பிளாஸ்டரைக் கட்டி தட்டாமல் கரைக்கவும், மெழுகில் பல் அடுக்கவும், விடுதிச் சாம்பாரை நாக்கில் படாமல் விழுங்கவும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன். மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், டாக்டர் ஞானமுத்துவின் கிளினிக்கில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த மாடிப்படிதான் எனக்குக் கதி.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டனில் படித்துவிட்டு வந்தவர். அக்கினி நட்சத்திரத்திலும் டை கட்டுவார். வியர்வை டையின் நுனியில் சொட்டும், ஆனால் முடிச்சைத் தளர்த்த மாட்டார். நோயாளிகளின் பெயர் அவருக்கு நிற்காது. "கீழ்த்தாடை வந்தாச்சா?" என்பார், "அந்த மேல் கோரைப்பல்லை உட்காரச் சொல்லு" என்பார். என் வேலையைச் சோதிக்க அவரிடம் ஒரு முறை உண்டு. நான் வார்த்த அச்சை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நன்றாக இருந்தால் "ம்" என்று மேஜையில் வைப்பார். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல், காலடியில் இருக்கும் பிளாஸ்டர் வாளிக்கு மேலே கையை நீட்டி விரலை விரிப்பார். தொப். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே நான் தொழில் கற்றேன். அவர் ஒரு தடவை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. முழுப் பல் செட்டை வாயில் மாட்டியதும், உச்சரிப்பு சரியா என்று பார்க்க நோயாளியைச் சில சொற்கள் சொல்லச் சொல்ல வேண்டும். 'ம'வுக்கு 'அம்மா'. 'ச'வுக்கு அவர் படித்த புத்தகத்தில் 'மிசிசிப்பி' என்று போட்டிருந்தது. அமெரிக்காவில் ஓடும் ஆறாம். அவரும் அதையே பிடித்துக்கொண்டார். மேலூர் விவசாயியாக இருந்தாலும் சரி, வண்டியூர் பால்காரராக இருந்தாலும் சரி, "எங்கே, மிசிசிப்பி சொல்லு" என்பார். முக்கால்வாசிப் பேர் அதை மருந்தின் பெயர் என்று நினைத்து, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கிளினிக்குக்கு எழுபதுகளின் கடைசியில் பேச்சியம்மாள் வந்தார். கோச்சடைக்கு மேற்கே ஒரு கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் வயல், நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். ஈறு நோயில் பல் மொத்தமும் ஆடிப் போய் எடுத்தாயிற்று. மேலும் கீழும் செட் கட்டிக் கொடுத்தோம். அம்மா சொன்னார், மிசிசிப்பியும் எப்படியோ சொன்னார், போய்விட்டார்.

ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் நேராக என் பட்டறைக்குள் நுழைந்தார். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து என் மேஜையில் வைத்தார். நான் கட்டிய கீழ் செட்.

"இது ஒன் வேலதான தம்பி?"

"ஆமக்கா. ஒடஞ்சிருச்சா?"

"ஒடஞ்சா பரவால்லயே. எந்திரிச்சுப் பறந்துருச்சு. முத்தாலம்மன் மொளப்பாரில போய் விழுந்துருச்சு."

முளைப்பாரி தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சட்டியில் நவதானியம் விதைத்து, விரதமிருந்து இருட்டறையில் வளர்த்து, திருவிழா அன்று பெண்கள் தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைப்பார்கள். புறப்படுமுன் சட்டிகளை அம்மன் முன்னால் இறக்கி வைப்பார்கள். ஒருத்தி முதல் குலவை போட வேண்டும். நாக்கைப் பக்கவாட்டில் படபடவென்று அடித்து எழுப்பும் அந்த ஒலி கேட்ட பிறகுதான் மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள், சட்டிகள் தலைக்கு ஏறும். அந்த ஊரில் முதல் குலவை பேச்சியம்மாளுடையது. அவருடைய மாமியார் போட்டார், அவருக்குப் பின் மூத்த மருமகளான இவர். இருபது வருடமாக இவர் குரலில்தான் அம்மன் எழுந்திருக்கிறாள்.

அந்த வருடம் குலவை உச்சத்துக்குப் போனபோது நாக்கு கீழ் செட்டை நெம்பிவிட்டது. செட் வெளியே பாய்ந்து, பச்சைப் பசேலென்று நின்ற முளைப்பாரிக்கு நடுவில் விழுந்து, ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"சிரிக்காத தம்பி. எச்சிப் பட்ட சாமான் சாமி மொளப்பாரில விழுந்துருச்சுன்னு ஊரே கூடிருச்சு. அம்புட்டுச் சட்டியையும் தீட்டுக் கழிச்சுத்தான் எடுத்தாக. அடுத்த வருசமும் பல்லு விழுமின்னா மொதக் கொலவைய எங் ஓர்ப்படியா வெள்ளத்தாயிக்குக் குடுத்துருவாகளாம். எங் கொழுந்தன் பொண்டாட்டி. அவளுக்கு எருமை கத்துன மாதிரித்தான் கொலவை வரும். அது எனக்குச் சாவுக்குச் சமானம்."

பல்லை மாட்டாமலே போட்டால் என்ன என்று கேட்டேன். போட்டுக் காட்டினார். உதடு உள்ளே விழுந்து, காற்று மட்டும் வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செட் நான் கட்டியது. ஊர் நடுவில் அவரைத் தலைகுனிய வைத்தது என் கைவேலை.

டாக்டர் வாயைப் பார்த்தார். கீழ்த்தாடையில் மேடு என்பதே இல்லை. எலும்பு கரைந்து, மெழுகிய தரை மாதிரிக் கிடந்தது. அதன்மேல் எத்தனை செட் கட்டினாலும் நாக்கு அசைந்தால் போதும், கிளம்பிவிடும். டாக்டர் கையைக் கழுவிவிட்டு, அலமாரியிலிருந்து வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்திருந்தது. எத்தனை வருடமாக இதைப் படித்துவிட்டு ஒரு தாடைக்காகக் காத்திருந்தாரோ தெரியாது.

விஷயம் இதுதான். ஈற்றைக் கீறி விலக்கி, தாடை எலும்பை வெளியே காட்டி, எலும்புக்கே அளவு எடுக்க வேண்டும். அந்த அளவுக்கு உலோகத்தில் வலை மாதிரி ஒரு சட்டம் வார்க்க வேண்டும். மறுபடி ஈற்றைத் திறந்து, சட்டத்தை எலும்பின் மேல் உட்கார வைத்துத் தைத்துவிட வேண்டும். சட்டத்திலிருந்து நாலு முளைகள் மட்டும் ஈற்றுக்கு வெளியே நிற்கும். பல் செட் அந்த நாலைக் கவ்விக்கொள்ளும். இன்றைக்கு எலும்புக்குள் திருகாணி இறக்குகிறார்கள். அன்றைக்கு எங்கள் பக்கம் யாரும் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

டாக்டர் இதை ஆங்கிலம் கலந்து அரை மணி நேரம் விளக்கினார். பேச்சியம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"செத்துருவேனா?"

"மாட்டீகக்கா."

"கொலவை வருமா?"

நான் டாக்டரைப் பார்த்தேன். "எல்லாம் வரும்" என்றார், எதைக் கேட்டார் என்று காதில் வாங்காமலே.

முதல் ஆபரேஷனில் நான் பக்கத்தில் நின்று அளவுப் பசையைக் கலந்தேன். உயிருள்ள ஆளின் தாடை எலும்பை அன்றுதான் பார்த்தேன். நான் நினைத்ததைவிட வெள்ளையாக இருந்தது. பசை கலக்குவதையே மறந்து நின்றேன். மரத்துப்போன வாயோடு படுத்திருந்த பேச்சியம்மாள் கண்ணாலேயே எனக்குத் தைரியம் சொன்னார். ரப்பர் பசை எலும்பின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் வாங்கிக்கொண்டு வந்தது. தைத்து அனுப்பினோம்.

பிறகு ஆறு வாரம் என் பாடு. சட்டத்துக்கான உலோகம் தங்கத்தைவிட நானூறு டிகிரி கூடுதலாகக் கேட்கும், எங்கள் ஊதுகுழலுக்கு மசியாது. சந்து முனையில் வெல்டிங் கடை வைத்திருந்த அண்ணனிடம் கேஸ் சிலிண்டரை இரவல் கேட்டேன். "பல்லுக்கா? நான் லாரி சேசிஸுக்கு வச்சிருக்கேன்ப்பா" என்றார், ஆனால் மாடிப்படியில் தோளில் தூக்கிவந்து கொடுத்தார். முதல் வார்ப்பில் ஒரு முளை பாதியில் நின்றுவிட்டது. தொப். இரண்டாவது, உலை சூடேறும்போது கரண்ட் போய் அச்சு வெடித்தது. அதை நானே வாளியில் போட்டேன், டாக்டருக்கு எதற்குச் சிரமம். மூன்றாவது சரியாக வந்தது. இரண்டு நாள் தேய்த்து மினுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தார். எங்கும் நுழையவில்லை. "ம்ம்" என்றார். இரண்டு 'ம்' கிடைத்தது எனக்கு அது ஒரு தடவைதான்.

இரண்டாவது ஆபரேஷனும் முடிந்தது. புண் ஆறி, நாலு முளையும் ஈற்றுக்கு மேலே பளபளவென்று நின்றன. கண்ணாடியில் பார்த்த பேச்சியம்மாள், "ஆத்தாடி, வாய்க்குள்ளயே மொளப்பாரி போட்டுட்டீகளே" என்றார். நர்ஸ் சிரித்ததற்கு டாக்டர் முறைத்தார்.

புத்தகத்தில் உள்ள கோடு பிசகாமல் பல் அடுக்கி, செட்டை முடித்துக் கொடுத்தேன். முளைகளில் டக்கென்று உட்கார்ந்தது. அம்மா என்றார், மிசிசிப்பியை வெள்ளைக்காரியே தோற்றுப்போகும்படி சொன்னார். வறுகடலை கொடுத்தோம், கடித்தார். டாக்டரின் முகத்தில் புன்னகை மாதிரி ஏதோ ஒன்று வந்து, வழி தெரியாமல் திரும்பிப் போனது. திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது.

மறுநாளே பேச்சியம்மாள் திரும்பி வந்தார். வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது.

"கறி திங்கவா ஒங்ககிட்ட வந்தேன்? கொலவை எங்கய்யா?"

போட்டுக் காட்டினார். செட் துளிகூட அசையவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நாக்கு இரண்டு பக்கமும் பல்லில் மோதி மோதித் தடுக்கியது. தொண்டை கட்டிய கன்றுக்குட்டி போல நாலு சத்தம் வந்து நின்றுபோனது.

"பழகிரும்" என்றார் டாக்டர்.

"பத்து நாள்லயா? வெள்ளத்தாயி இப்பவே தொண்டைக்குப் பனங்கற்கண்டு வாங்கி வச்சுட்டா. இந்த நாலு ஆணியையும் புடுங்கிருங்க சாமி. இதுக்கா ரெண்டு தடவ வாயக் கிழிச்சுக்கிட்டேன்?"

டாக்டர் கையைக் கழுவப் போனார். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

எங்கள் தவறு என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பெண்ணின் வாயை இரண்டு வருடத்தில் பத்துத் தடவை அளந்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும், "அசையாதே, பேசாதே" என்று சொல்லி அளந்தோம். முடிந்ததும் அமெரிக்க ஆற்றின் பெயரைச் சொல்லச் சொன்னோம். அவர் எதற்காகப் பல் கேட்டாரோ அதை ஒரு தடவைகூடச் செய்யச் சொல்லவில்லை. எலும்பை அளந்தோம், நாக்கை விட்டுவிட்டோம்.

டாக்டரிடம் போனேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நானாக வாய் திறந்தேன். "சார், பல்லுக்குப் பதிலா, மெழுகும் அளவு எடுக்குற கம்பவுண்டும் கலந்து இளகலா வச்சு, முளைல மாட்டி விடுவோம். அக்கா கொலவை போடட்டும். நாக்கு எங்கெங்க தள்ளுதோ அங்கெல்லாம் அதுவே செதுக்கிரும். அந்தத் தடத்துல பல்ல அடுக்குறேன்."

"இது கிளினிக். கோயில் இல்ல, மிஸ்டர் சண்முகம்."

கோபம் வந்தால்தான் நான் மிஸ்டர். அன்று எனக்கும் கோபம் இருந்தது. "கோயில்ல விழுந்தது நம்ம பல்லுதான சார்" என்றேன்.

வாளி பக்கத்தில்தான் இருந்தது. என்னையும் அதில் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கதவைச் சாத்து. ஜன்னலையும் சாத்து" என்றார்.

சாத்தினேன். இளகிய மெழுகை மாட்டினோம். பேச்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தார், பிறகு விட்டுவிட்டார்.

"வரல."

"ஏம்மா?" என்றார் டாக்டர்.

"இந்த மனுசன் மூஞ்சியப் பாத்தா எழவு வீட்டு நெனப்புல்ல வருது. கொலவை எப்படி வரும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் மெதுவாகத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். லண்டனில் படித்த மனிதர், டையும் கோட்டுமாக, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி.

அப்புறம் வந்தது பாருங்கள் குலவை. மூடிய அறையில் கண்ணாடிப் புட்டிகள் கிணுகிணுத்தன. வரவேற்பறையில் பல்வலியோடு காத்திருந்த மூன்று பெண்கள், முதல் குலவை கேட்டுச் சும்மா இருந்து பழக்கமில்லையே, வீங்கிய கன்னத்தோடு அவர்களும் சேர்ந்து போட்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறார். கீழே சந்தில் பூக்காரம்மா அண்ணாந்து, "மேல என்னம்மா, யாரும் சமஞ்சுட்டாகளா?" என்று கத்தினார்.

மெழுகை எடுத்துப் பார்த்தேன். நாக்கு தன் வழியைத் தானே வெட்டியிருந்தது. வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் அரை நெல் அளவு கூடுதலாகத் தள்ளியிருந்தது. அந்த வழியிலேயே பல் அடுக்கினேன். பார்க்கக் கோணல்தான், எந்தப் புத்தகத்திலும் பாஸ் மார்க் கிடைக்காது. டாக்டர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கை வாளிப் பக்கம் போகவில்லை.

திருவிழாவுக்கு நான் போனேன். டாக்டர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். போனால் எனக்கு முன்பே புளியமரத்தடியில் அவருடைய கார் நின்றது, அவரும் டையோடு நின்றார். ஊரே வாயை மூடிக்கொண்டு ஒரு வாயைப் பார்த்தது. வெள்ளைத்தாயி முதல் வரிசையில், வேண்டுதல் மாதிரி, பேச்சியம்மாளின் தாடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தயாராக நின்றேன், விழுந்தால் பிடித்துவிடலாம் என்கிற மாதிரி. அவ்வளவு பயம்.

குலவை எழுந்தது, ஏறியது, உச்சத்தில் நின்றது, இறங்கியது. பல் இருந்த இடத்தில் இருந்தது. அத்தனை பெண்களும் சேர்ந்துகொள்ள, சட்டிகள் தலைக்கு ஏறின. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். டாக்டர் என் காதருகே குனிந்து, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்" என்றார்.

இத்தோடு முடித்தால் சங்க மலருக்கு அழகாக இருக்கும். ஆனால் சட்டம் நிலைக்கவில்லை. எட்டு வருடம் கழித்து ஒரு முளையைச் சுற்றிச் சீழ் வைத்தது, சட்டம் ஆடியது. அந்த வகைச் சட்டங்கள் பல ஊர்களிலும் அப்படித்தான் போயின என்று பின்னால் தெரிந்துகொண்டோம். எடுத்தே ஆக வேண்டும். எடுத்து முடித்து, சில வாரம் கழித்துப் பேச்சியம்மாள் புண்ணைக் காட்ட வந்தபோது, டாக்டர் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். நோயாளிக்காக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

"ஆயுசுக்கும் நிக்கும்னு நெனச்சேன் பேச்சியம்மா. மன்னிச்சுக்கோ."

பெயரைச் சொன்னார். கீழ்த்தாடை என்று சொல்லவில்லை.

"என்ன சாமி நீங்க. அந்த நாலு ஆணிய வச்சே எட்டு மொளப்பாரி போட்டாச்சு. எம் மாமியாக்காரி பல்லு இருந்தே அம்புட்டுப் போடல. போதும். இனி அடுத்தவ போடட்டும்." வாசல் பக்கம் திரும்பினார். "ஏய், உள்ள வாடி. கடிக்க மாட்டாரு. கடிக்கப் பல்லு குடுக்குறவரு."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெள்ளைத்தாயி வந்து நின்றார். அவருக்கும் பல் போயிருந்தது. பேச்சியம்மாளே கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "இவளுக்கு மேடு இருக்கான்னு பாருங்க. எருமை மாதிரித்தான் கத்துவா, இருந்தாலும் எங்க வீட்டு எருமை."

டாக்டர் பார்த்தார். மேடு நன்றாக இருந்தது, சாதாரண செட்டே போதும். நான் பழைய பழக்கத்தில் மிசிசிப்பிக்குக் காத்திருந்தேன். அவர் கோட்டின் பொத்தானைப் போட்டார், டையைச் சரிசெய்தார், யாரும் சொல்லாமலே சுவர் பக்கம் திரும்பி நின்றார்.

"எங்க, குலவை போடு பாப்போம்" என்றார்.

நான் கதவைச் சாத்தப் போனேன்.

"வேண்டாம் சண்முகம்" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "திறந்தே இருக்கட்டும்."